மூக்கடைத்த குரல்

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த பல்செட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று மனைவியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். இன்னொரு கையில் மருந்துக்கடைப் பை. அதற்குள் ஜலதோஷ மாத்திரை, மூக்கில் தடவும் தைலம், தொண்டைக்கு இதமாகச் சப்பும் மிட்டாய்.

"காய்ச்சல் இல்லையே," என்றார்.

"எனக்கு எதுக்குக் காய்ச்சல்?" என்றாள் அவள்.

பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் கூடத்தில் அவருக்கு வேலை. அதனால் நண்பர்கள் வைத்த பட்டம் பல்செட்டு. அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலேயே வெண்கலம் என்று பெயர் விழுந்துவிட்டது. வகுப்பில் அவள் கிசுகிசுத்தால் தலைமையாசிரியர் அறைவரை கேட்கும். அந்தக் குரலே பிற்பாடு அவள் பிழைப்பாகவும் ஆனது. வங்கிக்குப் போன் செய்தால் 'கணக்கு விவரங்களுக்கு ஒன்றை அழுத்தவும்' என்று சொல்வது அவள்தான். பெரிய மருத்துவமனையின் லிஃப்ட்டில் 'கதவு மூடுகிறது' என்பதும், வண்டி நிறுத்துமிடத்து இயந்திரத்தில் 'சீட்டை எடுத்துக்கொள்ளவும், நன்றி' என்பதும் அவள்தான். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் பழக்கம், முகம் யாருக்கும் தெரியாது. காய்கறிக் கடையில் அவள் விலை கேட்டால் மட்டும் கடைக்காரர் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார். பிறகு, ஏனென்று தெரியாமலே, மரியாதையாகப் பதில் சொல்வார்.

"மத்தியானம் போன்ல உன் குரல் கேட்டேன். ஒரு வரி மட்டும் மூக்கடைச்ச மாதிரி இருந்துச்சு. அதான் வர்ற வழியில மருந்து வாங்கிட்டு வந்தேன்," என்றார் அவர்.

"நான் உங்களுக்குப் போனே பண்ணலையே."

"நீ இல்லம்மா. பேங்க்ல இருந்து. நீ பேசிக் குடுத்திருக்கியே, அது."

அவள் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு, வங்கி எதற்காகப் போன் செய்தது என்று கேட்டாள். அவர் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு நல்ல காரியம் செய்து முடித்தவரின் நிம்மதியோடு விவரமாகச் சொன்னார். இரண்டு கையிலும் பல் அச்சு வார்க்கும் மாவுக்கலவை. போன் மேசைமேல் அடித்தது. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். 'உங்கள் அட்டையில் சந்தேகத்துக்கு இடமான பரிவர்த்தனை நடந்துள்ளது' என்றது வெண்கலக் குரல். தடுக்க வேண்டுமென்றால் ஒன்றை அழுத்தச் சொன்னது. கையைக் கழுவிக்கொண்டு வந்து அழுத்தினார். அட்டை எண்ணைக் கேட்டது. அட்டையின் பின்பக்கம் இருக்கும் மூன்று இலக்க எண்ணைக் கேட்டது. அந்த வரிதான் மூக்கடைத்த வரி. கடைசியாக, போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டது. அதையும் போட்டார். ஏதோ தவறு, மறுபடி வரும் எண்ணைப் போடவும் என்றது. இரண்டாவதையும் போட்டார். 'நன்றி, உங்கள் அட்டை பாதுகாப்பாக உள்ளது' என்று சொல்லி வைத்துவிட்டது.

அவர் சொல்லச் சொல்ல வெண்கலம் மெல்ல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, பேங்குக்கு நான் அப்படி ஒரு வரி பேசினதே இல்லைங்க."

"நீதான் பேசின. உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"குரல் என்னுதா இருக்கலாம். ஆனா பின்பக்க நம்பரையும் ஓடிபியையும் எந்த பேங்கும் கேக்காது. கேட்டிருந்தா நான்தானே பேசியிருக்கணும்?"

பல்செட்டின் முகத்தில் அந்த நிம்மதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவர் மந்தமானவர் அல்ல. தாடை அச்சைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கம் மென்று தின்கிறார் என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்தக் குரல் ஒன்றைச் சொன்னால் அதைச் செய்துவிட்டுத்தான் யோசிப்பார். கல்யாணமானதிலிருந்து அதுதான் வழக்கம். அப்படி நடந்து அவருக்கு இதுவரை ஒரு கெடுதலும் வந்ததில்லை.

போனை எடுத்துப் பார்த்தார்கள். கடன் வேண்டுமா, கடன் வேண்டுமா என்று வங்கி அனுப்பிய குறுஞ்செய்திகளின் தொல்லை தாங்காமல் அவர் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார். அந்தக் குப்பைக்கு நடுவில் முத்துப்போலச் சில செய்திகள் கிடந்தன. முதலில் ஏதோ வெளிநாட்டுக் கடையில் ஒரு டீக்குக்கூடப் பத்தாத தொகை. அட்டை வேலை செய்கிறதா என்று திருடன் தட்டிப் பார்த்திருக்கிறான். பிறகு முதல் ஓடிபிக்கு ஒரு மசாஜ் நாற்காலி. இரண்டாவது ஓடிபிக்கு விலை உயர்ந்த போன்கள். இரண்டு ஓடிபியும் வந்த செய்தியிலேயே எந்தக் கடை, எவ்வளவு தொகை, யாரிடமும் இந்த எண்ணைச் சொல்லாதீர்கள் என்று எல்லாமே எழுதியிருந்தது. அவர் எண்ணை மட்டும் பார்த்திருந்தார்.

"மசாஜ் நாற்காலி," என்றார் பல்செட்டு. "எத்தனை தடவை கேட்டேன், வீட்டுல இடமில்லைன்னு சொன்ன. இவன் ஒரு நிமிஷத்துல வாங்கிட்டான்."

சிரிக்கும் நேரமில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் வாயோரம் துடித்தது.

அவர் பதற்றத்தில், வந்த எண்ணுக்கே திருப்பிக் கூப்பிடப் போனார். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அட்டையைத் திருப்பி, அதன் பின்புறம் அச்சாகியிருந்த வங்கி எண்ணைப் பார்த்துத் தானே அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்தது. பிறகு ஒரு குரல் மலர்ச்சியோடு பேசத் தொடங்கியது.

'வணக்கம். எங்கள் வங்கியை அழைத்தமைக்கு நன்றி. உங்கள் கனவு இல்லத்துக்குக் கடன் வேண்டுமா?'

அவளேதான். கனவு இல்லத்தின் சலுகைகளை ஒன்றுவிடாமல் சொன்னாள். வாகனக் கடனைச் சொன்னாள். அந்த வேலைக்குப் போன அன்று இன்னும் உற்சாகமாக, இன்னும் நிதானமாக என்று வங்கிக்காரர்கள் கேட்டது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. கேட்டதற்கு மேலேயே உற்சாகமாகவும் நிதானமாகவும் பேசிக் கொடுத்திருந்தாள்.

"சீக்கிரம் சொல்லித் தொலையேன்டி," என்றாள் வெண்கலம் போனைப் பார்த்து.

"உன்னை இப்படி யாராச்சும் சொல்லி நான் கேட்டதே இல்லை," என்றார் பக்கத்திலிருந்து பல்செட்டு.

ஒருவழியாக, அட்டை தொலைந்தாலோ மோசடி நடந்தாலோ அழுத்த வேண்டிய எண் வந்தது. சற்று நேரம் காத்திருக்கவும் என்று அவளே அவளுக்குச் சொன்னாள். காத்திருந்தாள். பிறகு மோசடிப் பிரிவுப் பெண் ஒருத்தி எடுத்தாள். வேகமான, அலட்டிக்கொள்ளாத பேச்சு. முதல் வேலையாக அட்டையை முடக்கினாள். பிறகுதான் நடந்ததைக் கேட்டாள். ஓடிபியைத் தந்தது நீங்களேதானா என்று கேட்டபோது, பல்செட்டு போனுக்கு அருகில் குனிந்து, ஆமாம் நானேதான், இரண்டு தடவை, என்றார். அவள் திட்டவில்லை. நாற்காலிக் கடைக்கும் போன் கடைக்கும் அங்கிருந்தபடியே தகவல் அனுப்பினாள். இரண்டு கடையிலும் பொருள் இன்னும் கிடங்கைவிட்டுக் கிளம்பவில்லை. இரண்டையும் நிறுத்திவிடலாம், அன்றைக்கே சொன்னதால் தப்பித்தீர்கள், மாதக் கடைசியில் பில் வந்த பிறகு பார்த்திருந்தால் பெரும்பாடாகியிருக்கும் என்றாள்.

பல்செட்டு விட்ட பெருமூச்சு மறுமுனைவரை கேட்டிருக்கும்.

புது அட்டை வந்ததும் என்னென்ன செய்ய வேண்டும் என்றும் அந்தப் பெண் சொன்னாள். வெளிநாட்டுக் கடைகளில் வாங்கும் வசதி தேவைப்படாத நேரத்தில் அணைந்தே இருக்கட்டும். இணையத்தில் செலவழிக்க ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். செய்தி வரும் சத்தத்தை மட்டும் அணைக்காதீர்கள், கடன் விளம்பரத்தை நிறுத்தத் தனி வழி இருக்கிறது, அதை நானே நிறுத்தித் தருகிறேன் என்றாள். அவள் சொல்லச் சொல்ல, மாவுக்கலவை காய்ந்து வெளுத்திருந்த விரலால் பல்செட்டு வங்கிச் செயலியைத் திறந்து ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

கடைசியில்தான் வெண்கலம் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள்.

"இன்னொண்ணு சொல்லணும். அந்தத் திருட்டுப் போன்ல வந்த குரல் என்னோடது."

மறுமுனையில் அந்தப் பெண்ணின் குரல் சட்டென்று மாறியது.

"மேடம், நீங்க அவங்களா? ஒன்றை அழுத்தவும்?"

"அவங்கதான்."

"நான் ஒரு நாளைக்கு உங்க குரலை எத்தனை தடவை கேக்கறேன் தெரியுமா? எங்க வீட்டுல உங்களை மாதிரியே பேசிக் காட்டுவேன்." பிறகு அந்தப் பெண் மறுபடி வேகத்துக்கு வந்துவிட்டாள். இதே மாதிரி அன்று பல புகார்கள் வந்திருந்தன. வங்கியின் குரல்தானே என்று நம்பிக் கொடுத்துவிட்டோம் என்றே எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஒரு வாடிக்கையாளரின் போனில் அந்த அழைப்பு முழுசாகப் பதிவாகியும் இருக்கிறது. நாளைக்கு வந்து கேட்டுச் சொல்ல முடியுமா என்றாள்.

போனை வைத்த பிறகு பல்செட்டுக்குப் பசி வந்துவிட்டது. வெள்ளரிக்காயை அவரே நறுக்கத் தொடங்கினார். ஆனால் வெண்கலம் இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. தங்கள் பணம் தப்பியது சரி. தப்பாதவர்கள் எத்தனை பேரோ? யாரோ ஒரு பெரியவர், யாரோ ஒரு நர்ஸ், தன் குரலைக் கேட்டு, இது நம்மவள் என்று நம்பி எண்ணைத் தட்டியிருப்பார்கள். தன் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போய் யாரோ ஊரையெல்லாம் திறந்த மாதிரி அவளுக்கு இருந்தது. கண் கலங்கியது.

அவர் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் செஞ்ச பல்லைக் கட்டிக்கிட்டு ஒருத்தன் பொய் சொன்னா அது என் தப்பா?" என்று கேட்டார்.

அவள் ஒரு வெள்ளரித் துண்டை எடுத்துக் கடித்தாள். கடித்த பிறகுதான் சட்டென்று அவளுக்கு உறைத்தது.

"அண்ணி," என்றாள்.

பல்செட்டின் அக்காவுக்கும் அதே வங்கியில்தான் கணக்கு. கடைவீதியில் திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர். நாத்தனாரும் அவளும் பேசிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சண்டைக்குக் காரணம் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். வெண்கலம் ஒரு வேலைக்காக வரிகளைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தபோது அண்ணி போன் செய்தார். பழக்க தோஷத்தில் இவள், 'சற்று நேரம் காத்திருக்கவும்' என்று அச்சு அசலாக வங்கிக் குரலில் சொல்லி, போனை மேசையில் வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். போனவள் மறந்தே போனாள். டீ போட்டாள், பாட்டுப் பாடினாள், பக்கத்து வீட்டுக்காரியோடு ஜன்னல் வழியாக அரட்டை அடித்தாள். அவ்வளவையும் அண்ணி மறுமுனையில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னைக் கடன் கேட்டு வந்த ஆள் மாதிரி காக்க வைத்துவிட்டாள் என்று அன்றோடு பேச்சை நிறுத்தினார். தம்பி மட்டும் போய்வந்து கொண்டிருந்தார்.

"நீங்க போன் பண்ணிச் சொல்லுங்க," என்றாள் வெண்கலம்.

அவர் கூப்பிட்டுப் பார்த்தார். அக்கா எடுக்கவில்லை. கடையில் வாடிக்கையாளர் இருந்தால் எடுக்க மாட்டார். ஏமாந்து போய் உட்கார்ந்திருந்தாலும் எடுக்க மாட்டார். இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

கடை திறந்துதான் இருந்தது. கூரையிலிருந்து தரைவரை துணி தொங்க, அண்ணி நடுவில் முக்காலிமேல் ஏறி நின்று கம்பியில் வளையம் கோத்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் வந்தவளைப் பார்த்ததும் சிரிப்பு அணைந்தது.

"வா. இப்பவாச்சும் நேர்ல வரணும்னு தோணிச்சே," என்றார் முக்காலியிலிருந்து இறங்காமலே.

"அண்ணி, உங்களுக்கு பேங்க்ல இருந்து போன் வந்துச்சா?"

"பேங்க்ல இருந்து எங்க வந்துச்சு? நீதான் பண்ணின. நேத்து."

வெண்கலம் கணவரைப் பார்த்தாள். அவர் அக்காவைப் பார்த்தார்.

அண்ணி வளையக் கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, நேற்று நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். போனை எடுத்தால் இவள் குரல். ஒரு வருஷம் கழித்துக் கூப்பிடுகிறவள், சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் அட்டை எண்ணைக் கொடு என்கிறாள். அதுவும் ஒரு வரியை மூக்கால் பேசினாள், அழுது மயக்கப் பார்க்கிறாள் என்று அண்ணி நினைத்துக்கொண்டார். உனக்குப் பணம் வேண்டுமென்றால் நேரில் வந்து கேள், உன் புருஷன் என் தம்பி, இல்லையென்று சொல்ல மாட்டேன், ஆனால் போனில் எண்ணைக் கேட்கிற வேலை என்னிடம் வேண்டாம் என்று அண்ணி சொன்னார். இவள் அதைக் காதில் வாங்காமல் மறுபடி 'எண்ணை உள்ளிடவும்' என்றாள். அவ்வளவுதான். அண்ணி ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்து விட்டார். காக்க வைத்தது, பாட்டுப் பாடியது, பக்கத்து வீட்டு அரட்டை, அதற்கு முன் ஒரு விசேஷத்தில் தன் புடவையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டது வரைக்கும். பேசப் பேச, எதிர்ப்பக்கம் 'தவறான உள்ளீடு, தவறான உள்ளீடு' என்று சொல்லிக்கொண்டே இருந்ததாம்.

"என்ன நெஞ்சழுத்தம் பாரு. நான் சொல்றதெல்லாம் தப்புங்கறா," என்றார் தம்பியிடம்.

பல்செட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு நீலத் துணியின் நெசவை மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். அவர் தோள் குலுங்கியது.

"அண்ணி, அது நான் இல்ல," என்றாள் வெண்கலம். "என் குரலை யாரோ வெட்டி ஒட்டி வெச்சு ஊரையே ஏமாத்திட்டிருக்காங்க. இவரே ஏமாந்துட்டாரு."

அண்ணி முக்காலியிலிருந்தே குனிந்தார். "அப்போ நான் திட்டினது யாரை?"

"திருடனை."

"அவ்வளவும் அவனுக்கா போச்சு?"

"அவ்வளவும்."

அண்ணி முக்காலியிலிருந்து நிதானமாக இறங்கினார். புடவை முனையைச் சரி செய்துகொண்டார். "பரவாயில்ல, சொல்லி முடிச்சாச்சு. எனக்கு இப்பக் கொஞ்சம் பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கு," என்றவர், கொஞ்சம் தயங்கி, "ரொம்பத் திட்டிட்டேன். நீ கேட்டிருந்தா அழுதிருப்ப," என்றார்.

வெண்கலத்துக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு ஒரு இடத்தில் அழுகையானது. அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். அன்று கடையை அடைத்த பிறகு மூவரும் தெருமுனைக் கடையில் டீ குடித்தார்கள். ஒரு வருஷத்துப் பேச்சையும் அங்கேயே பேசித் தீர்க்கப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்க ஆரம்பித்த பிறகுதான் எழுந்தார்கள்.

மறுநாள் வங்கிக் கட்டடத்தின் ஒரு சின்ன அறையில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். மோசடிப் பிரிவுப் பெண் நேரில் பார்க்க இன்னும் சின்னவளாக இருந்தாள். வெண்கலம் தன்னோடு ஒலிப்பதிவுக்கூடத்துக்காரரையும் கூட்டி வந்திருந்தாள். அவள் வாயிலிருந்து வெளிவந்த வரிகளில் முக்கால்வாசி அவர் கையால் பதிவானவைதான். இருவரும் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

'உங்கள் அட்டையில்' என்பது வங்கிக்குப் பேசியது. 'உடனடியாக' என்பது மருத்துவமனையின் தீ எச்சரிக்கையிலிருந்து வெட்டியது. அதனால்தான் அந்த ஒரு சொல்லில் மட்டும் அவ்வளவு பதற்றம். 'நன்றி' வண்டி நிறுத்துமிடத்தில் எடுத்தது. போனில் கூப்பிட்டோ, இயந்திரத்துக்கு முன்னால் நின்றோ யார் வேண்டுமானாலும் பதிந்துகொண்டு போகக்கூடியவை. பிறகு அந்த வரி வந்தது. 'அட்டையின் பின்புறம் உள்ள மூன்று இலக்க எண்ணை உள்ளிடவும்.' மூக்கு முழுசாக அடைத்திருந்தது.

வெண்கலம் கண்ணைத் திறந்தாள். "எனக்கு ஜலதோஷம் இருந்தா நான் வேலைக்கே போக மாட்டேன். ஒரே ஒரு தடவைதான் போனேன்."

ஒலிப்பதிவுக்காரர் தொடையைத் தட்டினார். "செருப்புக் கடை," என்றார்.

போன் மூலமே செருப்பு விற்கப் போகிறோம், உடனே வேண்டும், இன்றே வேண்டும் என்று ஒரு நிறுவனம் காலில் வெந்நீர் கொட்டிய மாதிரி நின்றது. மூக்கடைப்போடு போய், அட்டையில் பணம் கட்டச் சொல்லும் வரிகளைப் பேசிக் கொடுத்தாள். அந்த நிறுவனம் திறக்காமலே மூடிவிட்டது. ஒரு ஜோடி செருப்புகூட விற்கவில்லை. அந்தப் பதிவு ஊரில் எங்கும் ஒலித்ததே இல்லை. அப்படியென்றால் அது திருடன் கையில் இருக்க ஒரே ஒரு வழிதான். அந்த நிறுவனத்துக்குள்ளிருந்து போயிருக்க வேண்டும்.

வங்கிக்காரி எழுந்து வெளியே போனாள். கதவுக்கு அப்பால் அவள் வேகமாகப் பேசுவது கேட்டது. அந்தத் தகவலை வைத்துப் போலீஸார் செருப்பு நிறுவனத்தில் போன் அமைப்பைப் பார்த்துக்கொண்டவனைத் தேடிப் போனார்கள். அவனும் அவன் கூட்டாளிகளும் ஒரு வாடகை வீட்டில், சுவர் முழுக்க அட்டைப்பெட்டி அடுக்கி, வாங்கிய போன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்களாம். ஒரு மூலையில் மசாஜ் நாற்காலியும் இருந்தது, வேறு யாருடைய பணத்திலோ. சிலருக்குப் பணம் முழுசாகத் திரும்பியது, சிலருக்குப் பாதி, சிலருக்கு இன்னும் விசாரணை நடக்கிறது. இந்தச் சேதியைச் சொல்லத்தான் வங்கிக்காரி வெண்கலத்துக்குப் போன் செய்தாள். போன் அடித்ததும் வெண்கலம் முதலில் எடுக்கவில்லை. அழைப்பை நிற்கவிட்டு, வங்கி எண்ணைத் தானே அழுத்தி, தன் குரலையெல்லாம் பொறுமையாகக் கடந்து, அந்தப் பெண்ணைக் கேட்டு வாங்கிப் பேசினாள். நீங்கள் செய்ததுதான் சரி என்று அந்தப் பெண் பாராட்டினாள்.

அதே அழைப்பில் வெண்கலம் ஒன்று கேட்டாள். மக்கள் ஏமாந்தது தன் குரலுக்கு. அதனால் எச்சரிக்கையையும் அந்தக் குரலே சொல்ல வேண்டும். வங்கி ஒத்துக்கொண்டு ஒரு வாசகம் எழுதி அனுப்பியது. 'வாடிக்கையாளர்கள் தங்கள் இரகசியக் குறியீடுகளை மூன்றாம் தரப்பினருடன் பகிர்ந்துகொள்வதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' பல்செட்டு அதை வாங்கிப் படித்தார்.

"மூணாம் தரப்புன்னா யாரு? நான் உன்னை மூணாம் தரப்புன்னு நினைக்கவே இல்லையே. அதனாலதானே குடுத்தேன்," என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெண்கலம் வங்கிக்காரியிடம் பேசி, வாசகத்தைத் தூக்கிப் போட வைத்தாள். இரண்டு பேர் பேசுவது போல, வீட்டுப் பேச்சிலேயே சொல்லலாம் என்றாள். ஒருத்தி எச்சரிக்கிறவள், ஒருவர் ஏமாந்தவர். ஏமாந்தவராக நடிக்க ஆள் தேட வேண்டும் என்று வங்கிக்காரி ஸ்பீக்கரில் இழுத்தபோது, சமையலறையிலிருந்து பல்செட்டு குரல் கொடுத்தார்.

"எதுக்கு நடிக்கணும்? நான் நிஜமாவே ஏமாந்தவன். நானே வர்றேன்."

உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று வெண்கலம் கேட்டாள். ஏமாந்தவர்கள் எல்லாரும் வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருந்தால் திருடனுக்குத்தான் வசதி என்றார் அவர். அன்று முழுவதும் அவள் அவரை அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒலிப்பதிவு அன்று அண்ணியும் வந்துவிட்டார். தம்பி சொதப்பினால் சொல்ல ஆள் வேண்டாமா என்றார். கூடத்தின் சுவர்களில் எதிரொலி வராமல் இருக்கப் போட்டிருந்த துணியைத் தடவிப் பார்த்து, மட்டமான துணி, நானென்றால் இன்னும் கனமாகப் போட்டிருப்பேன் என்று ஒலிப்பதிவுக்காரரிடம் சொல்லி, அங்கேயே ஒரு ஆர்டரும் பிடித்துவிட்டார். பல்செட்டு ஒலிவாங்கி முன்னால் விறைத்துப் போய் உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அவருக்குச் சொந்த ஊர்ப் பேச்சே மறந்துவிட்டது. 'வணக்கம், நான் ஒரு ஏமாந்தவன்' என்று மேடைப் பேச்சாளர் மாதிரி ஆரம்பித்தார். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதேதான்.

"அவங்களை மறந்துடுங்க. என்னைப் பாத்துப் பேசுங்க," என்றாள் வெண்கலம்.

அவர் அவளைப் பார்த்தார்.

"போன்ல உன் குரல் கேட்டுச்சு. கார்டு நம்பர் கேட்டுச்சு, குடுத்தேன். ஓடிபி கேட்டுச்சு, அதையும் குடுத்தேன்," என்றார் இயல்பாக.

"இனிமே நானே கேட்டாலும் குடுக்காதீங்க. போனை வெச்சிடுங்க. கார்டுக்குப் பின்னால ஒரு நம்பர் இருக்கு, அதுக்கு நீங்களா கூப்பிட்டுக் கேளுங்க."

"நீயே கேட்டாலுமா?"

"நானே கேட்டாலும். அழுதுக்கிட்டுக் கேட்டாலும். மூக்கடைச்சுப்போய்க் கேட்டாலும்."

இதுவரை வாசகத்தில் இருந்தது. இதற்குமேல் இல்லாத ஒரு வரியைப் பல்செட்டு யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"வேற எதையாச்சும் கேட்டா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அதைப் பார்த்த வெண்கலம் பதில் சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல், மேசைமேல் கவிழ்ந்து சிரித்தாள். ஏன் சிரிக்கிறார்கள் என்று ஒரு நொடி கழித்துப் புரிந்து பல்செட்டும் சேர்ந்துகொண்டார். ஒலிப்பதிவுக்காரர் இன்னொரு தடவை எடுக்கலாம் என்று கையால் சைகை காட்டினார். யாரும் பேசும் நிலையில் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அவரும் விளக்கை அணைத்தார். வங்கி அந்தச் சிரிப்பை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டது. இப்போது அங்கே போன் செய்கிறவர்கள் கனவு இல்லத்துக் கடனுக்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார்கள். வரிசையில் காத்திருப்பவர்களில் சிலர் தங்கள் முறை வந்த பிறகும், அதை இன்னொரு தடவை போட முடியுமா என்று கேட்பதாக மோசடிப் பிரிவுப் பெண் சொன்னாள்.